நியூசிலாந்துப் பள்ளியிலிருந்து வரும் டொனேஷன் கடிதம்

பிள்ளைகளை இங்கே அரசுப் பள்ளியில் புதிதாகச் சேர்த்தவர்களுக்காக எழுதுகிறேன். வருடத் தொடக்கத்தில் பள்ளியிலிருந்து ஒரு பட்டியல் வரும். சீருடை, முகாம், எழுதுபொருள், அவற்றுக்கு நடுவே டொனேஷன் என்று ஒரு தொகை. வந்த முதல் வருடம் அதுவும் கட்டணம்தான் என்று நினைத்து, வாடகைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினோம். அந்த மாதம் பட்ட கஷ்டம் இன்னும் நினைவிருக்கிறது.

உள்நாட்டு மாணவராகக் கணக்கில் வரும் பிள்ளைக்கு 5 வயதிலிருந்து 19 வரை அரசுப் பள்ளியில் படிப்பு இலவசம், இது சட்டம். டொனேஷன் தரவில்லை என்று பிள்ளையைச் சேர்க்க மறுக்க முடியாது. தந்தால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வரி ஆண்டு மார்ச் 31 அன்று முடிந்ததும் வரித்துறையான இன்லேண்ட் ரெவின்யூவில் விண்ணப்பித்தால் மூன்றில் ஒரு பங்கு திரும்ப வரும். 300 டாலருக்கு 100. சீருடைக்குக் கொடுத்த பணம் இதில் சேராது.

சரி, இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. "அதிக டொனேஷன் கேட்கும் பள்ளிதான் நல்ல பள்ளி" என்று நம்மவர்களில் பலர் சொல்கிறார்கள். அது தவறு. அந்தத் தொகை அக்கம்பக்கத்தின் வசதியைக் காட்டுகிறது, ஆசிரியர் எப்படிச் சொல்லித்தருகிறார் என்பதை அல்ல. 2020இல் அரசு ஒரு திட்டம் தொடங்கியது: வசதி குறைந்த பகுதிப் பள்ளிகள் பெற்றோரிடம் டொனேஷன் கேட்பதை நிறுத்தினால் அந்தப் பள்ளிக்கு அரசு பணம் தரும், தொடங்கியபோது மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 150 டாலர். வசதியான பகுதிப் பள்ளிக்கு அந்தப் பணம் கிடையாது, ஆனால் பெற்றோரிடம் அதைப் போலப் பல மடங்கு திரட்டிவிட முடியும். வெளிநாட்டு மாணவர் கட்டணமும் அங்கேதான் அதிகம் சேர்கிறது.

வீடு தேடும்போது, பள்ளிப் பிள்ளைகள் வாழும் பகுதியின் வசதியைக் காட்டிய டெசில் எண் என்ன என்று இன்னும் கேட்கிறார்கள். 2023இலிருந்து அது இல்லை, ஈக்விட்டி இண்டெக்ஸ் வந்துவிட்டது. எண் கூடினால் அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குத் தடைகள் அதிகம், அதனால் அரசு நிதியும் அதிகம். அதுவும் தரவரிசை அல்ல.

பள்ளியின் ஆண்டறிக்கை அதன் இணையதளத்திலேயே இருக்கும். 'லோக்கலி ரெய்ஸ்டு ஃபண்ட்ஸ்', அதாவது பள்ளி தானே திரட்டிய பணம், என்ற பகுதியைப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு பள்ளிகளின் அறிக்கையை அருகருகே வைத்துப் படித்தால் வித்தியாசம் புரியும். அப்புறம், பள்ளியை நிர்வகிக்கும் போர்டுக்குப் பெற்றோர் ஓட்டுப் போடும் தேர்தல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. டொனேஷன் எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்வது அந்த போர்டுதான். நம்மவர்கள் அங்கே போய் உட்கார வேண்டும்.