'இணையத் தொலைபேசி' வேண்டாம், 'பொதிவழித் தொலைபேசி' என்போம்

வீஓஐபி-க்கு, அதாவது பேச்சைத் தரவாக்கிக் கணினி வலை வழியே அனுப்பும் தொலைபேசி முறைக்கு, 'இணையத் தொலைபேசி' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. வெளியூருக்குக் கணினி வழியே பேசுவதற்கு அது பொருந்தும். ஒரு கல்லூரிக் கட்டடத்துக்குள் 120 தொலைபேசிகளை அமைக்கப்போகிறவரை அது திசைதிருப்பிவிடும் என்பது என் கருத்து. இரண்டாம் மாடியிலிருந்து நூலகத்துக்குப் போகும் அழைப்பு இணையத்தைத் தொடுவதே இல்லை. பேச்சு சிறு பொதிகளாக (பாக்கெட்டுகளாக) உடைந்து, கட்டடத்தின் கருவிகளைக் கேபிளால் இணைக்கும் ஸ்விட்சுகள் வழியாக மறுமுனைக்குப் போய்விடுகிறது. வெளி இணைய இணைப்பு அறுந்தாலும் உள் அழைப்புகள் நடக்கும், அழைப்புகளை இணைத்துவிடும் இணைப்பகச் சர்வர் கட்டடத்துக்குள்ளேயே இருந்தால்.

பெயரில் 'இணையம்' இருப்பதால் திட்டமிடுவோர் முதலில் கேட்பது, "எத்தனை மெகாபிட் லைன் வாங்க வேண்டும்?" என்பதைத்தான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அழைப்பு மிகும் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு தொலைபேசியும் 6 நிமிடம் வெளியே பேசுகிறது என்று வைத்தால் 120 தொலைபேசிக்கு 12 எர்லாங், அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் 12 அழைப்பு. நூறு அழைப்பில் ஒன்று மட்டுமே தடைபடலாம் என்றால் தடங்களின் எண்ணிக்கையைக் கணிக்கும் எர்லாங்-பி அட்டவணைப்படி 20 வெளித்தடம் போதும். பேச்சை எண்ணாக்கும் ஜி.711 முறையில் 20 மில்லிநொடிக்கு ஒரு பொதி: 160 பைட் பேச்சு, முகவரி முதலியவை அடங்கிய 40 பைட் தலைப்பு, ஈதர்நெட் உறை 18 பைட். நொடிக்கு 50 பொதி என்றால் 87.2 கிலோபிட். இருபது அழைப்புக்கும் சேர்த்து ஒரு திசையில் 1.75 மெகாபிட்டைத் தாண்டாது. இன்றைய கல்லூரி இணைப்புகளில் இது ஒரு மூலை.

பணமும் கவலையும் போக வேண்டிய இடம் மின்சாரம். பழைய தொலைபேசிக்கு இணைப்பகத்திலிருந்தே 48 வோல்ட் வந்தது. கட்டடத்தில் கரண்ட் போனாலும் டயல் டோன் இருந்தது. இப்போது கேபிள் வழியே மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்சை நம்பியிருக்கிறோம். மாடிக்கு 30 தொலைபேசி, ஒவ்வொன்றும் 7 வாட் வகுப்பு என்றால் 210 வாட். அதே ஸ்விட்சில் நான்கு வைஃபை பெட்டிகள் தலா 30 வாட் கேட்டால் மொத்தம் 330. பிஓஇ-க்கு 370 வாட் தரும் 48 முனை ஸ்விட்ச் தாங்கும்; அதற்கும் குறைவாக வாங்கினால் கடைசியில் செருகிய தொலைபேசிகள் விளக்கே எரியாமல் கிடக்கும். சர்வர் அறைக்கு மட்டும் யூபிஎஸ் வைத்து மாடி ஸ்விட்சுகளை மறப்பது அடிக்கடி நடக்கிறது. கரண்ட் போனதும் சர்வர் உயிரோடிருக்கும், பேசத்தான் கருவி இராது. இன்னொன்று: ஸ்விட்ச் அறையிலிருந்து மேசை வரை, இரு முனையிலும் செருகும் ஒட்டுக் கேபிள்களையும் (பேட்ச் கார்டு) சேர்த்து 100 மீட்டருக்குள் அடங்க வேண்டும். நீண்ட கட்டடமானால் மாடிக்கு இரண்டு ஸ்விட்ச் அறை தேவைப்படும்.

ஆகவே 'பொதிவழித் தொலைபேசி' என்கிறேன். பேச்சு பொதியாகப் போகிறது என்ற உண்மையை அது சொல்கிறது. கூட்டுச்சொற்களும் எளிதாகப் பிறக்கின்றன: பொதியிழப்பு, பொதித்தாமதம், பேச்சுப்பொதி. கட்டடத்துக்குள் அழைப்புகளை இணைக்கும் பிபிஎக்ஸ் என்பதற்குத் 'தனியார் கிளை இணைப்பகம்' என்று நீட்டாமல் 'உள் இணைப்பகம்' போதும்.

பொதிகள் சீரற்ற இடைவெளியில் வந்துசேரும் ஜிட்டருக்கு 'நடுக்கம்' என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. அதைப் படிக்கும் பராமரிப்பாளர் குரல் நடுங்குகிறதா என்று கேட்டுப் பார்ப்பார். உண்மையில் காதில் விழுவது எழுத்து விழுங்கிய பேச்சு. 20 மில்லிநொடிக்கு ஒன்றாகக் கிளம்பிய பொதிகள் 5, 40, 12 என்று இடைவெளி கெட்டு வருகின்றன. 'வரவுப் பிறழ்வு' என்றால் எங்கே தேடுவது என்பது புரியும். 1500 பைட் தரவுப்பொதி ஒன்று 1 கிகாபிட் தடத்தைக் கடக்க 12 மைக்ரோநொடி ஆகும். 2 மெகாபிட் தடத்தில் 6 மில்லிநொடி. அதன் பின்னால் நிற்கும் பேச்சுப்பொதி அவ்வளவும் காத்திருக்கும். பிறழ்வு பெரும்பாலும் பிறப்பது மெதுவான வெளித்தடத்தில்தான். பேச்சுப்பொதிக்கு முன்னுரிமை கோரும் டிஎஸ்சிபி 46 முத்திரை குத்தி, அந்த முத்திரையை ரவுட்டர் மதிக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். பெறுமிடத்தில் பொதிகளை நிறுத்தி ஒழுங்குபடுத்தும் இடத்தைச் 'சீராக்குத் தேக்கம்' எனலாம். அதை மனம்போல் பெரிதாக்கக் கூடாது. ஒருவழித் தாமதம் மொத்தமாக 150 மில்லிநொடிக்குள் இருப்பதே நல்லது.

ஒரே ஸ்விட்சுகளில் தனித்தனி வலைகளைப் பிரித்துவைக்கும் வீலேனுக்கு 'மெய்நிகர் வலை' என்பது வழக்கில் இருப்பதால் 'பேச்சு மெய்நிகர் வலை'யில் சிக்கல் இல்லை. தொலைபேசி தரவு வலையில் முகவரி வாங்கிக்கொண்டால் இணைப்பகத்தைக் காணாமல் திரும்பத் திரும்ப இயங்கத் தொடங்கும். தொலைபேசிக்கு அதன் வலையைச் சொல்லும் எல்எல்டிபி-மெட் ஸ்விட்சில் இயங்குகிறதா, முகவரி வழங்கும் டிஹெச்சிபி-யில் அமைப்புக் கோப்புச் சர்வரைக் காட்டும் 66 ஆம் விருப்பம் சரியா என்று பாருங்கள். மணி அடிக்கிறது, ஒருவர் குரல் மட்டும் கேட்கவில்லை என்றால், 5060 எண் முனையில் (போர்ட்) அழைப்பைத் தொடங்கும் சிப் குறிகை கடந்துவிட்டது, பேச்சுப்பொதியைத் தீச்சுவரோ (ஃபயர்வால்) ரவுட்டரின் முகவரி மாற்றமோ தடுக்கிறது என்று பெரும்பாலும் பொருள். அந்தக் குறிகையைத் திருத்தி எழுதும் ரவுட்டரின் 'சிப் ஏஎல்ஜி' வசதியை முதலில் அணையுங்கள்.

இன்னும் முடிவாகாதது எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ என்ற இருவகை இணைப்பு முனைகளுக்கான சொற்கள். லிஃப்ட், காவலர் அறை, ஃபேக்ஸ் ஆகியவற்றுக்குப் பழைய இருகம்பித் தொலைபேசியே இருக்கட்டும். அவற்றுக்கு இந்த முனைகள் வேண்டும். டயல் டோனும் மணி மின்னழுத்தமும் தருவது எஃப்எக்ஸ்எஸ், வெளி லைனிலிருந்து அவற்றைப் பெறுவது எஃப்எக்ஸ்ஓ. 'தருமுனை', 'பெறுமுனை' என்று முன்வைக்கிறேன். வெளி லைனைத் தருமுனையில் செருகினால் முனை பழுதாகக்கூடும் என்பதால், இரண்டும் குழம்பாத சொற்களாகவும் பெட்டியின் மேல் ஒட்டும் சிறு சீட்டில் அடங்குவதாகவும் இருக்க வேண்டும். இதைவிடத் தெளிவான இணை யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.