ஆடுபுலி ஆட்டம்: உச்சிக்குப் போன புலி இறங்க மறுக்கிறது

குப்பம்வாசி:
ஆடுபுலி ஆட்டத்தை ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் குப்பத்தில் வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள் இதைப் புலி மேகா என்பார்கள். தரையில் கோடு போட்டு ஆடிய ஆட்டம் அவர்கள் போனிலும் இருக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. புள்ளிகளுக்கு 0 முதல் 22 வரை எண் கொடுத்திருக்கிறேன், உச்சிதான் 0. எல்லாப் புள்ளியிலும் புலி நன்றாக நகர்கிறது, உச்சிக்குப் போனால் மட்டும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. கன்சோலில் எரர் இல்லை. எந்தப் புள்ளியிலிருந்து எங்கே கோடு போகிறது என்ற பட்டியலைப் பேப்பரில் வரைந்து சரிபார்த்துவிட்டேன்.

எந்தப் புள்ளியில் உள்ள காய் தேர்வாகியிருக்கிறது என்பதை வைத்திருக்கும் ‘தேர்வு’ என்ற வேரியபிள் ‘நல்’ (null, எதுவும் இல்லை) என்ற மதிப்போடு தொடங்குகிறது. கிளிக் வந்ததும் இஃப் (if) நிபந்தனையின் அடைப்புக்குறிக்குள் தேர்வை மட்டும் போட்டுப் பார்க்கிறேன். இருந்தால் நகர்த்து, இல்லையென்றால் அந்தப் புள்ளியில் இருக்கும் காயைத் தேர்ந்தெடு. வேறு எங்கே பார்ப்பது?

பலமநேர் அண்ணன்:
தம்பி, உச்சிப் புலியைக் கிளிக் செய்த பிறகு தேர்வில் என்ன இருக்கிறது?

குப்பம்வாசி:
0 அண்ணா. அது சரியான எண்தானே?

சித்தூர் நிரலர்:
எண் சரி, இஃப்தான் அதை ஏற்கவில்லை. 0, எழுத்தே இல்லாத வெற்று ஸ்ட்ரிங், நல், அன்டிஃபைண்ட் (undefined, மதிப்பே தராதது), NaN (எண் அல்லாதது) எல்லாமே இஃபுக்குப் பொய்தான். அதனால் உச்சியைத் தேர்ந்த பிறகும் நிரல் ‘எதுவும் தேர்வாகவில்லை’ என்றே நினைக்கிறது. அடுத்த கிளிக்கும் எல்ஸ் (else, ‘இல்லையென்றால்’) பக்கம் போகிறது. அங்கே காலிப் புள்ளியில் காய் இல்லை, ஆகவே சும்மா இருந்துவிடுகிறது. ‘தேர்வு நல் அல்ல’ என்று வெளிப்படையாக ஒப்பிடுங்கள், சரியாகிவிடும்.

அப்படியே, பட்டியலில் ஒன்று எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் இன்டெக்ஸ்ஆஃப் (indexOf) வரும் இடங்களையும் தேடுங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் அது -1 தரும், இஃபுக்கு அது மெய். முதலாவதாக இருந்தால் 0, அது பொய். அதை அப்படியே இஃபில் போட்டால் புலி கோடே இல்லாத இடத்துக்குப் போகும், முதல் பக்கத்துப் புள்ளிக்குப் போகாது. 2016 முதல் இன்க்ளூட்ஸ் (includes) இருக்கிறது, பட்டியலில் இருக்கிறதா என்பதற்கு ஆம் இல்லை என்று நேராகச் சொல்லிவிடும்.

குப்பம்வாசி:
புலி இறங்கிவிட்டது! நன்றி. இன்னொன்று: சுற்றிலும் ஆடு நின்றாலே ஆடு ஜெயித்தது என்று ஆட்டம் முடிந்துவிடுகிறது, தாவ வழி இருந்தும்.

பலமநேர் அண்ணன்:
பக்கத்தில் காலி இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருப்பீர்கள். ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் காலி இருந்தாலும் புலி அடைபடவில்லை. இந்த இரு வழியும் மூன்று புலிக்கும் இல்லாதபோதுதான் ஆடு ஜெயித்ததாக அர்த்தம். தாவலை எண்ணைக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்காதீர்கள். நேபாளத்துப் புலி-ஆடு ஆட்டமான பாக்சாலுக்கு ஐந்துக்கு ஐந்து சதுரப் பலகை, அங்கே அது எடுபடும். நம் பலகையில் முக்கோணத்தின் மேல் செவ்வகம் கிடக்கிறது. புறப்படும் புள்ளி, நடுவில் ஆடு, இறங்கும் புள்ளி என்று மும்மூன்றாகக் கையாலேயே எழுதி வையுங்கள். ஒரு மாலை வேலைதான்.