போடிமெட்டு இறக்கத்தில் ஜீப் ரொம்பச் சாய்கிறது, பட்டை ஏற்றலாமா?

போடி கமாண்டர்:
அண்ணன்மாருக்கு வணக்கம். போடியில் இருந்து பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற கமாண்டர் ஜீப் என்னுடையது. காலையில் ஆட்கள் மட்டும், சாயங்காலம் திரும்பும்போது சில நாள் மேல் கேரியரில் மூட்டையும் ஏறும். மெட்டு ஏறும்போது ஒன்றும் பெரிதாகத் தெரிவதில்லை. இறங்கும்போதுதான் தொல்லை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்ததும் வண்டி வெளிப்பக்கமாக ஒரேயடியாகச் சரிகிறது, வளைவு முடிந்து நேராக்கினால் மறுபக்கம் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் நிற்கிறது. 17 வளைவும் இப்படியே. பின்னால் இருக்கிற அக்காமார் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், வயசானவர்களுக்குத் தலைசுற்றல் வந்துவிடுகிறது. பட்டறையில் பின்பக்கம் இடது வலது இரண்டு ஸ்பிரிங்குக்கும் ஒவ்வொரு இரும்புப் பட்டை கூடுதலாக ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள், இன்னொருவர் ஷாக் அப்சார்பரை மாற்று என்கிறார். எதை முதலில் செய்வது? டயர் நல்ல நிலையில்தான் இருக்கிறது, காற்றும் சரியாகப் பார்த்துத்தான் அடிக்கிறேன்.

புளியரை ஓட்டுநர்:
பட்டை ஏற்றுங்கள் தம்பி. செங்கோட்டையில் இருந்து ஆரியங்காவு வழியாகக் கேரளாவுக்குப் போகிற லோடு வண்டிகளில் பாதிக்கு மேல் பட்டை ஏற்றியதுதான். எஸ் வளைவில் நின்று பார்த்தால் தெரியும், ஏற்றாத வண்டி எப்படிச் சாய்ந்து திரும்புகிறது என்று.

கம்பம் பட்டறை:
அண்ணாச்சி சொல்வது எப்போதும் ஒரே லோடோடு ஓடுகிற லாரிக்குச் சரி. ஆள் ஏற்றுகிற ஜீப்புக்கு அதை முதல் வேலையாகச் செய்ய வேண்டாம் என்பேன்.

தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த மறுபக்க ஆட்டம். வளைவில் வண்டி சாய்வது ஒரு விஷயம், சாய்ந்தது திரும்பி வந்து நிற்காமல் ஆடுவது வேறு விஷயம். ஆட்டத்தை அடக்குகிற வேலை ஷாக்குடையது. பட்டை எத்தனை ஏற்றினாலும் ஷாக் செத்திருந்தால் ஆட்டம் போகாது. அதே மாதிரி புது ஷாக் போட்டாலும் நீளமான வளைவில் வண்டி கடைசியில் எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பது மாறாது, அந்தச் சாய்வுக்கு மெதுவாகப் போகும், அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் வீண் செலவு.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒரு மூலையை உடம்பு பாரத்தால் அழுத்தி விடுங்கள். ஒரு தரம் எழும்பி அடங்கினால் ஷாக்கில் உயிர் இருக்கிறது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பிப் பிசுபிசுவென்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்த ஜோடியையே மாற்றிவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். அடுத்து ஷேக்கிள் புஷ், அதாவது பட்டையின் நுனியைச் சட்டத்தோடு சேர்க்கிற கொக்கியில் இருக்கிற புஷ். நீளமான லிவரைப் பட்டைக் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் கொடுத்து நெம்பினால், புஷ் போன இடத்தில் பட்டை பக்கவாட்டில் நகர்வது கண்ணுக்கே தெரியும், போல்ட்டைச் சுற்றிச் செங்கல் பொடி மாதிரி துரு கொட்டிக் கிடக்கும். அப்படி இருந்தால் ஸ்டியரிங்கை ஒடித்ததும் ஸ்பிரிங் வேலை செய்வதற்கு முன்னாடியே பாடி ஒரு அடி தள்ளிப்போன மாதிரி இருக்கும். நீங்கள் சொல்கிற ‘ஒரேயடியாக’ அதுவாகக்கூட இருக்கலாம். பட்டையை அச்சோடு கட்டுகிற யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, பட்டைகளை நடுவில் கோக்கிற சென்டர் போல்ட் முறிந்திருக்கிறதா, பட்டையில் எங்காவது குறுக்கே துருக்கோடு ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். அந்தக் கோடு விரிசல்.

பூப்பாறை ஏலம்:
பட்டறைக்கார அண்ணன் சொல்லாமல் விட்டது கேரியர். வண்டியும் ஆட்களும் சேர்த்து 1,500 கிலோ, அதன் பாரமையம் தரையில் இருந்து 75 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டை மூன்றைத் தரையில் இருந்து 210 செ.மீ. உயரத்தில் கேரியரில் கட்டினால் பாரமையம் 12 செ.மீ. மேலே போய்விடும். இடது வலது சக்கரங்களுக்கு நடுவில் உள்ள அகலமோ அப்படியேதான் இருக்கிறது. எந்த ஸ்பிரிங்கும் இதைச் சரிசெய்யாது, ஏனென்றால் வளைவில் உள்சக்கரத்தில் இருந்து வெளிச்சக்கரத்துக்குப் பாரம் மாறுவது பெரும்பாலும் உயரத்தையும் அகலத்தையும் பொறுத்தது. பாடி சாயாமல் நிற்கிற வண்டியிலும் அந்தப் பாரம் மாறிக்கொண்டேதான் இருக்கும், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து.

வேகமும் அப்படித்தான். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 20 கி.மீ. வேகத்தில் போனால் பக்கவாட்டு விசை வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்கு, 30-இல் போனால் ஏறக்குறைய பாதி. பத்து கி.மீ. கூடினதுக்கு விசை இரண்டேகால் மடங்கு! புற்றடியில் ஏலம் விடப் போகிற மூட்டையானாலும் சரி, போடிக்கு இறங்குகிற மூட்டையானாலும் சரி, வண்டிக்குள் தரைக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் தனி வண்டியில் அனுப்புங்கள். ஆட்கள் தலைக்கு மேலே பாரம் வைத்து அந்த மெட்டில் இறங்கக் கூடாது என்று தோட்டத்துக்காரர்களிடம் நானே சண்டை போட்டிருக்கிறேன்.

போடி கமாண்டர்:
நன்றி அண்ணே. இன்று படுத்துப் பார்த்துவிட்டேன். பின் இடது ஷேக்கிள் புஷ் சுத்தமாகப் போயிருக்கிறது, அதே பக்க ஷாக்கில் எண்ணெய்க் கசிவும் இருக்கிறது. மூட்டையை இனி மேலே ஏற்றப் போவதில்லை. இதெல்லாம் சரிசெய்த பிறகும் சாய்வு மிச்சம் இருந்தால் பட்டையா, இரண்டு பக்கச் சக்கரத்தையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கிற ஸ்டெபிலைசர் பாரா? பார் போடுவதென்றால் முன்னாடியா, பின்னாடியா?

கம்பம் பட்டறை:
மிச்சம் இருந்தால் பார், அதுவும் முன்னாடி. இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி திரும்பும்போது பாரம் முன்னுக்கு வந்து பின்சக்கரங்கள் லேசாகிவிடும். அந்த நேரத்தில் பின்பக்கத்தை மட்டும் பட்டை ஏற்றி இறுக்கி வைத்திருந்தால், மாறுகிற பாரத்தில் பெரும்பங்கைப் பின் வெளிச்சக்கரம் தாங்க வேண்டியிருக்கும், மழையில் வால் வழுக்கிச் சுற்ற அது போதும். முன்பக்கம் கெட்டியானால் வண்டி கொஞ்சம் அகலமாகத் திரும்பும், ஓட்டுகிறவருக்கு அது முன்கூட்டியே தெரியும், காலை எடுத்துச் சமாளிக்கலாம். காலி வண்டியில் கூடுதல் பட்டை குதிக்கும் என்பதும் இருக்கிறது. ஒன்று மட்டும், பார் போட்டால் இரண்டு சக்கரமும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டுவிடும், தோட்டத்துக்குள் மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கும். அதனால் தடித்த பார் வேண்டாம்.

புஷ் மாற்றும்போது பட்டறையில் பக்கத்தில் நில்லுங்கள். ரப்பர் புஷ் என்றால் ஷேக்கிள் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி தன் பாரத்தில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். யூ போல்ட்டைக் கழற்றி மாட்டினால் சில நூறு கி.மீ. ஓடியதும் திரும்ப ஒரு தரம் முறுக்கிவிடுங்கள். வேலையெல்லாம் முடியும்வரைக்கும் இறக்கத்தில் வளைவுக்கு முன்னாடியே பிரேக்கை முடித்து இரண்டாவது கியரில் திருப்புங்கள்.