நெய்வேலி நகரியம் எழும் முன் அந்த மண்ணில் என்ன இருந்தது? இன்றைய வாழ்க்கை எப்படி இருக்கிறது?

கேள்வி: செம்மண் பேரன்

வணக்கம். நெய்வேலிச் சுரங்கத்துக்காக நிலம் கொடுத்தவர்களுக்கென்று விருத்தாசலம் பக்கம் அமைந்த ஊரொன்றில் என் பாட்டி வசிக்கிறார். தாம் பிறந்த ஊரைப் பற்றி எப்போது கேட்டாலும், “அது குழிக்குள்ள போயிடுச்சு” என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவன். பழுப்பு நிலக்கரி, மின்சாரம் என்ற பாடப்புத்தக அறிவுக்கு மேல் நெய்வேலியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அந்தக் கரி எப்படிக் கண்டறியப்பட்டது, அதற்கு முன் மக்கள் அங்கே என்ன செய்து பிழைத்தார்கள், சுரங்க ஊழியர்களுக்காகக் கட்டப்பட்ட நகரியத்தின் உள்ளேயும் வெளியேயும் இன்று வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் சொன்னால், அடுத்த முறை பாட்டியிடம் சரியான கேள்வியையாவது கேட்பேன்.

பதில் 1: பழைய வட்டத்துக்காரர்

தம்பி, உங்கள் பாட்டியார் பிறந்த பகுதி பெரும்பாலும் செம்மண் மேட்டுப் பூமி. கடலூர் மாவட்டம் அன்று தென்னாற்காடு மாவட்டத்துக்குள் இருந்தது. ஆற்றுப் பாசனம் எட்டாத அந்த மேட்டில் மானாவாரியாக மல்லாட்டையும் (நிலக்கடலை) கம்பும் விளைந்தன. முந்திரித் தோப்பும் பலா மரமும் குடும்பங்களுக்குக் கை கொடுத்தன. பலாவும் முந்திரிக் கொட்டையும் பண்ருட்டிக்குப் போய்ச் சேரும் வழக்கம் இன்றும் மாறவில்லை.

1930களின் நடுப்பகுதியில், நெய்வேலியில் நிலம் வைத்திருந்த ஜம்புலிங்க முதலியார் தண்ணீருக்காகக் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிவந்தது. அது எரியக்கூடியது என்பதை உணர்ந்த அவர், விடாமல் அரசின் கவனத்துக்குக் கொண்டு சென்றார். 1940களில் துளையிட்டு ஆய்வு செய்தார்கள். விடுதலைக்குப் பிறகு, சென்னை மாகாணத்தில் நிலக்கரி கிடைக்காத குறையைத் தீர்க்க இதுவே வழி என்று காமராசர் ஆட்சிக் காலத்தில் வலியுறுத்தப்பட்டு, 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். ஆனால் கரி முகம் காட்டியது 1961 ஆகஸ்டில்தான். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மண்ணை அள்ளுவதிலேயே கழிந்தன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சோவியத் உதவியுடன் எழுந்த முதல் அனல் மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது; 600 மெகாவாட் திறன் வரை வளர்ந்த அந்த நிலையம் 2020 செப்டம்பரில் ஓய்வு பெற்றது.

நான் 1960களின் இறுதியில் சிறுவனாக நகரியத்துக்கு வந்தேன். அங்கே முகவரி என்பது தெருப்பெயரால் மட்டும் அமைவதில்லை. நகரியம் எண்ணிட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், எத்தனையாவது வட்டம் என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் வீட்டில் லெக்கோ அடுப்பு எரிந்தது. பழுப்பு நிலக்கரியைத் தூளாக்கி, அழுத்தி, கரியாக்கி விற்ற எரிபொருளுக்கு லெக்கோ என்று பெயர். சென்னை வீடுகளிலும் அது எரிந்தது. உங்கள் பெற்றோரிடம் கேட்டால் நினைவு கூர்வார்கள்.

பதில் 2: கன்வேயர் பக்கம்

நான் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் பாட்டியார் சொல்லும் “குழி” என்ற சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் வெளியில் இருப்பவர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

நெய்வேலியில் பூமிக்கடியில் குடைந்து போகும் சுரங்கம் கிடையாது. எல்லாம் திறந்தவெளிச் சுரங்கம். கரிக்கு மேல் 50 மீட்டருக்கும் அதிகமான மண் கிடக்கிறது. சக்கரத்தில் வாளிகள் பொருத்திய பக்கெட் வீல் இயந்திரங்கள் அந்த மண்ணைப் படிப்படியாக வெட்டி கன்வேயர் என்னும் ஓடும் பட்டையில் போட, அது கிலோமீட்டர் கணக்கில் ஓடி, ஏற்கெனவே கரி எடுத்து முடித்த இடத்தில் கொட்டப்படுகிறது. ஆகவே குழி ஓரிடத்தில் நிற்பதில்லை. முன்பக்கம் ஊர்களை நோக்கி நகர நகர, பின்பக்கம் மூடிக்கொண்டே வருகிறது. உங்கள் பாட்டியாரின் ஊர் பழைய வெட்டுப் பகுதியில் இருந்திருந்தால், அந்த இடம் இன்று குழியாக இருக்காது. கொட்டிய மண்ணின் மேல் மரங்கள் நட்டு வளர்த்த காடாகவே இருக்கக்கூடும். ஆனால் அடிமண் மேலாகவும் மேல்மண் கீழாகவும் கலந்துபோன அந்த மேட்டில், பழைய கிணற்றையோ ஏரிக்கரையையோ வரப்பையோ யாராலும் அடையாளம் காட்ட முடியாது. அவர் பேச்சை மாற்றுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது தண்ணீர். கரிப் படுகைக்குக் கீழே பேரழுத்தத்துடன் நீர் நிற்கிறது. மேலிருக்கும் மண்ணின் பாரத்தை நீக்கிவிட்டால் அந்த நீர் சுரங்கத்தின் தரையையே உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். அதனால் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக, ஒரு நாளும் நிறுத்தாமல் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் கரியைத் தொட முடியும். மழைக்காலத்து இரவு ஷிப்டில் பம்பு ஓடும் சத்தம் நின்றுவிட்டால் எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு பதறும். இறைத்த நீர் மின் நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் போகிறது. சென்னைக்குக் குடிநீராகவும் போயிருக்கிறது. பரவனாற்றின் வழியாக வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சேர்ந்து பாசனமும் ஆகிறது. அதே நேரத்தில், சுற்று வட்டார ஊர்களில் கிணற்று நீர் இறங்கிவிட்டது என்று உழவர்கள் சொல்லும் குறையையும் நான் தள்ளிவிட மாட்டேன். இறைத்தவர்களில் நானும் ஒருவன்.

பதில் 3: வடக்குத்து வாசி

மேலே இருவரும் கேள்வியின் முதல் பாதிக்கு நன்றாகப் பதில் சொல்லிவிட்டார்கள். இன்றைய வாழ்க்கையைப் பற்றி நான் எழுதுகிறேன்.

நகரியத்தின் உள்ளே அகன்ற சாலை, நிழல் மரங்கள், பள்ளிகள், மருத்துவமனை எல்லாம் உண்டு. ஆனால் அங்கே வசிப்பவர்களுக்கு வீடு சொந்தமில்லை; பணி ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். என் தந்தையும் அப்படி வெளியேறி வடக்குத்தில் வீடு கட்டினார். வடக்குத்து, இந்திரா நகர், மந்தாரக்குப்பம் போன்ற இடங்கள் பெருகியதில் இவ்வாறு வந்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. நிலம் கொடுத்துப் பெயர்ந்தவர்களும் நகரியத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள். ஆக, நெய்வேலியில் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ளும் பலருக்கு நெய்வேலிக்குள் ஒரு பிடி மண் கிடையாது.

இன்றைய உரசல்களில் முதன்மையானது வேலை. நிரந்தரத் தொழிலாளர்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வர, ஒப்பந்தத் தொழிலாளர்களே பெருமளவில் உழைக்கிறார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்திய வேலைநிறுத்தங்கள் பல. 2020இல் மே மாதத்திலும் ஜூலையிலும் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து உயிரிழந்தவர்களில் அத்தகைய தொழிலாளர்களும் இருந்தார்கள். இன்னொன்று நிலம். 2023 ஜூலையில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெல் வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். சட்டப்படி அந்த நிலம் எப்போதோ கையகப்படுத்தப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் கதிர் விடப்போகும் பயிரை மண்ணோடு புரட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. அறுவடை வரை பொறுத்திருக்கலாம் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

இவற்றோடு, ஆண்டுதோறும் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குச் சுற்றிலும் உள்ள கிராமத்துப் பிள்ளைகள் காசு சேர்த்துக்கொண்டு வருவதையும் சொல்ல வேண்டும். நகரியத்துக்குள் இருக்கும் வில்லுடையான்பட்டு முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் நடக்கும் நாளில், பெயர்ந்து போன ஊர்களின் மக்கள் காவடியோடு திரும்பி வருகிறார்கள். உங்கள் பாட்டியாரிடம் ஊரைப் பற்றிக் கேட்க வேண்டாம். உத்திரத்துக்குப் போனதுண்டா என்று கேளுங்கள்.

செம்மண் பேரன்:

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு தொலைபேசியில் அப்படியே கேட்டேன். திருமணத்துக்கு முன்பு வீட்டிலிருந்து கோயிலுக்கு நடந்தே போவார்களாம். வழியில் ஓர் ஏரிக்கரையும் இரண்டு பலா மரங்களும் வருமாம். அதில் ஒரு மரம் அவருடைய தந்தை வைத்ததாம். அரை மணி நேரம் பேசினார். கன்வேயர் பக்கம் ஐயா, கோயிலிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருந்த எந்தெந்தப் பகுதிகள் இப்போது மண் மூடிய காடாக இருக்கின்றன, அங்கே வெளியாட்கள் போய்ப் பார்க்க அனுமதி உண்டா என்பதைத் தாங்கள் சொல்ல முடியுமா? வரும் உத்திரத்துக்குப் பாட்டியை அழைத்து வரலாம் என்று இருக்கிறேன்.