பழைய ஹைலக்ஸ்: நிற்கப் போகும் நேரத்தில் ஏபிஎஸ் உதைக்கிறது, பம்ப் மாற்ற வேண்டுமா?

பாலிக் புலாவ் ஃபோர்வீல்

வணக்கம். 2007 ஹைலக்ஸ், டீசல், ஃபோர்வீல். வண்டி நிற்கப் போகும் கடைசி நேரத்தில், 10 கி.மீ. வேகம் இருக்கும், பெடல் காலடியில் கர்ரென்று உதைக்கிறது. வண்டியும் கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிற்கிறது. காய்ந்த சாலையிலும் இப்படித்தான். 80, 90-இல் பிரேக் அடித்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு சாவி போட்டதும் எரிந்து அணைந்துவிடும், ஓடும்போது எரிவதில்லை. டிஸ்க்கும் பேடும் புதுசு. டுரியான் தோட்டத்துச் சேற்றில் தினமும் ஓடும் வண்டி. பட்டறையில் ஏபிஎஸ் பம்ப் போய்விட்டது, ஹாஃப்-கட் (பழைய வண்டிப் பாகம் விற்கும்) கடையில் ஒன்று எடுத்துப் போடலாம் என்கிறார்கள். அதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பிறை டீசல்

பம்புக்கு இப்போதைக்குக் காசு கொடுக்காதீர்கள் அண்ணே. உதைக்கிறது என்றாலே பம்ப் ஓடுகிறது என்று அர்த்தம். அதை ஓடச் சொல்லும் தகவல்தான் தப்பாக வருகிறது.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் வீல் சென்சர் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும்தான். பல் வெட்டிய ரிங் அதன் முன்னால் சுற்றும்போது ஏசி வோல்ட் பிறக்கும். சக்கரம் மெதுவானால் வோல்ட்டும் இறங்கும். சென்சர் உட்காரும் இடத்தில் துரு பொங்கினால் அது சென்சரை ரிங்கிலிருந்து தள்ளிவிடும். அரை மில்லிமீட்டர் தள்ளினாலே போதும், 10 கி.மீ. வேகத்தில் சிக்னல் காணாமல் போகும். மற்ற மூன்று சக்கரமும் சுற்றுகிறது, இது மட்டும் நின்றுவிட்டது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை விடுகிறது. வண்டி தள்ளிப் போவது அதனால்தான். வேகமாக ஓடும்போது சிக்னல் போதிய அளவு வருவதால் விளக்கும் எரியாது.

முதலில் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஆளில்லாத திடலில் ஏபிஎஸ் ஃபியூஸைக் கழற்றிவிட்டு 15 கி.மீ.-இலிருந்து நிறுத்திப் பாருங்கள். உதை நின்றுவிட்டால் சென்சர் பக்கம் போங்கள். ஃபியூஸ் இல்லாமலும் பெடல் ஆடினால் டிஸ்க் வளைந்திருக்கிறது, ஆனால் அந்த ஆட்டம் பெரும்பாலும் வேகத்தில்தான் தெரியும். சோதனை முடிந்ததும் ஃபியூஸைத் திரும்பப் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால், முன் பின் பிரேக்கைப் பங்கிடும் இபிடி உங்கள் வண்டியில் இருந்தால் அதுவும் வேலை செய்யாது. காலி வண்டியோடு மழையில் துன் சார்டோன் மலைச்சாலையில் இறங்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி திரும்பிவிடும்.

சுங்கை டுவா வயரிங்

விலை குறைந்த ஸ்கேனர் இன்ஜின் பழுதுக் கோட்களை மட்டும்தான் காட்டும், ஏபிஎஸ் உள்ளே போகாது. டொயோட்டாவில் ஒரு வயர்த் துண்டு போதும். சாவியை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் 4-ஐயும் 13-ஐயும் இணையுங்கள். 16-ஆம் பின்னில் நேரடி பேட்டரி கரண்ட் இருக்கிறது, வயர் அதில் படவே கூடாது. பிறகு சாவியை ஆன் செய்து ஏபிஎஸ் விளக்கு எப்படி மின்னுகிறது என்று எண்ணுங்கள். மூன்று முறை மின்னி, சற்று நின்று, ஒரு முறை மின்னினால் அது 31. 31 வலது முன், 32 இடது முன், 33 வலது பின், 34 இடது பின். விடாமல் ஒரே சீராக மின்னினால் கோட் ஏதும் இல்லை.

உங்களுக்குக் கோட் இல்லாமலே இருக்கலாம், ஏனென்றால் சிக்னல் முழுதாக அறுபடவில்லை. அப்போது மல்டிமீட்டர்தான் வழி. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள், பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், 2எச் (இரண்டு சக்கர ஓட்டம்), நியூட்ரல். சென்சர் சாக்கெட்டைக் கழற்றி ஓம் பாருங்கள். சுருள் ரகமாக இருந்தால் சுமார் 1 முதல் 2 கிலோ ஓம் வரும், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மீட்டர் மாட்டியிருக்கும்போதே வயரை ஆட்டி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்புங்கள். எண் துள்ளினால் உறைக்குள்ளே வயர் அறுந்திருக்கிறது. அடுத்து மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, டயரை விநாடிக்கு ஒரு சுற்று வேகத்தில் கையால் சுற்றுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால் விஷயம் தெரிந்துவிடும்.

பாலிக் புலாவ் ஃபோர்வீல்

பார்த்தாயிற்று. கோட் இல்லை. ஃபியூஸ் கழற்றினால் உதை இல்லை. ஓம் இரண்டு பக்கமும் 1.4 கிலோ. ஏசி வோல்ட் வலது 0.24, இடது 0.07. இடது சென்சரை மாற்றிவிடலாமா?

பிறை டீசல்

சென்சர் நல்லது, மாற்றாதீர்கள். ஓம் சமம், வோல்ட் மட்டும் குறைவு என்றால் இடைவெளி கூடியிருக்கிறது, அல்லது ரிங்கில் குறை.

10 மி.மீ. ஸ்பேனரில் போல்ட்டைக் கழற்றி, துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் சென்சரை இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுங்கள். நெம்பினால் பிளாஸ்டிக் தலை உடைந்து, மீதி துளைக்குள் மாட்டிக்கொள்ளும், பிறகு உண்மையிலேயே புதுசு வாங்க வேண்டி வரும். காந்த முனையில் பிரேக் இரும்புத்தூள் தாடிபோல ஒட்டியிருக்கும், துணியால் துடைத்தால் போதும். சென்சர் உட்காரும் முகத்தையும் துளையையும் வெறும் இரும்பு தெரியும் வரை உப்புத்தாளால் தேயுங்கள். தேய்ப்பது வண்டிப் பக்கத்தை மட்டும், சென்சரைத் தேய்க்கக் கூடாது. துளைச் சுவரில் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள், முனையில் வேண்டாம். போல்ட் சுமார் 8 நியூட்டன் மீட்டர், பலம் கொடுத்து இறுக்கினால் மரை போய்விடும்.

மூடும் முன் துளை வழியாக டார்ச் அடித்து, சக்கரத்தை மெல்லச் சுற்றி ரிங்கின் ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். பல் உடைந்தோ ரிங் வெடித்தோ இருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டியும் பாருங்கள், பேரிங் லூசாக இருந்தால் இடைவெளி நிலைக்காது.

சுங்கை டுவா வயரிங்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மாட்டும்போது வயரைப் பழைய கிளிப்புகளிலேயே பிடித்து, ஸ்டியரிங் முழுதும் திரும்பினாலும் டயரில் உரசாதபடி விடுங்கள். பிறகு மறுபடி வோல்ட் எடுங்கள். இடது, வலதுக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும். வராவிட்டால் ரிங்கைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும். இதற்கிடையில் ஏபிஎஸ் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள், முதலில் பிரேக் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள்.