வேப்ப மர நிலை வெடிக்கிறது, ஏழு வருஷம் காய்ந்த மரம்தானே?

மன்னை வாசி:
மன்னார்குடி பக்கம் வீடு கட்டுகிறோம். 2018 கஜா புயலில் கொல்லையில் இருந்த தாத்தா காலத்து வேம்பு சாய்ந்தது. விற்க மனம் வராமல் அடிமரத்தை மாட்டுக்கொட்டகை ஓரம் உருட்டிப் போட்டிருந்தோம். போன புரட்டாசியில் மில்லில் கொடுத்து, ஐந்துக்கு மூன்று அங்குலச் சட்டங்களாக அறுத்து, ஐப்பசியில் வாசல் நிலை வைத்தாயிற்று. இப்போது மாசி. வலது நிலைக்காலில் மேலிருந்து ஒன்றரை அடிக்கு விரிசல், பத்து ரூபாய் நாணயத்தைச் செருகலாம். காலும் லேசாக முறுக்கிவிட்டது, கதவு அடியில் உரசுகிறது. மில்லில் மரத்தை மாற்றிவிட்டார்களோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். நிலையைக் கழற்ற வேண்டுமா?

உளிச்சத்தம்:
தம்பி, மரம் பட்டையோடு கிடந்ததா?

மன்னை வாசி:
பட்டையோடுதான் அண்ணே. ஒரு முனை மண்ணில் புதைந்திருந்தது.

உளிச்சத்தம்:
அப்படியென்றால் ஏழு வருஷக் கணக்கு செல்லாது. மில்காரர் பாவம். பட்டை ஈரத்தை விடாது. உருட்டுக்கட்டை பெரும்பாலும் இரண்டு முனை வழியாகத்தான் காயும், நடுவயிறு அப்படியே இருக்கும். அறுத்த நாளிலிருந்துதான் காய்ச்சல் கணக்கு. உங்களுக்கு அது புரட்டாசியில் ஆரம்பம், அடுத்த மாதமே அடைமழை. போதாததற்கு ஈரப் பூச்சுக்கு நடுவில் நிற்க வைத்தீர்கள். தை, மாசி வெயிலில் வெளிமுகம் சுருங்குகிறது, சுவர்ப்பக்கம் ஈரமாகவே இருக்கிறது. முறுக்காமல் என்ன செய்யும்?

இன்னொன்று. மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு. வெட்டுமுகத்தில் தெரியும் வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் மரத்தின் நடுப்புள்ளி சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் வெடிப்பு அதை நோக்கியே ஓடும். மீதித் துண்டின் முனையைப் பாருங்கள்.

நிலையைக் கழற்றாதீர்கள். விரிசலை இப்போது அடைக்கவும் வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் இன்னும் கொஞ்சம் விரியும், ஐப்பசியில் ஓரளவு மூடும். இறுகும் பட்டியை வைத்தால் அது பிதுங்கும், இல்லாவிட்டால் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். கதவையும் இப்போதே இழைத்துத் தள்ளாதீர்கள். ஒரு வெயிலும் ஒரு மழையும் போகட்டும்.

மன்னை வாசி:
பார்த்தேன், நடுப்புள்ளி சட்டத்துக்குள்ளேயேதான் இருக்கிறது! பின்வாசலுக்கு இன்னும் நாலு சட்டம் மீதி. அதையாவது எப்படிக் காப்பாற்றுவது?

கொள்ளிடத்தான்:
சொந்த ஊர் பாபநாசம், இங்கிலாந்தில் மரவேலை செய்கிறேன். இங்கே ஓக் மரத்துக்குப் பழைய கணக்கு, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம். நம் வெயிலுக்கு அவ்வளவு ஆகாது, ஆனால் அடுக்கும் முறை ஒன்றுதான். தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, நிழலில், சட்டங்களுக்கு நடுவே இரண்டு அடிக்கு ஒன்றாக ஓர் அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டு. துண்டுகள் மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும், இல்லையென்றால் சட்டம் வளையும். மேலே பாரம். முனை இரண்டுக்கும் கெட்டியாக பெயிண்ட் அல்லது மெழுகு. தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், புழுங்கிப் பூசணம் பிடிக்கும்.

விரிசலுக்குப் பயப்படவும் வேண்டாம். இங்கே பழைய வீடுகளின் ஓக் உத்தரங்களைப் பச்சையாகவே செதுக்கி மர ஆணி அடித்துச் சேர்த்தார்கள். எல்லாமே வெடித்திருக்கிறது, நூற்றாண்டுகளாக நிற்கிறது. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், ஈரத்தில் இரும்பு ஆணி பட்டால் கருநீலக் கறை இறங்கும். அதனால் துருப்பிடிக்காத ஸ்டீல்தான். வேம்பில் எனக்கு அந்த அனுபவம் இல்லை.

உளிச்சத்தம்:
எங்கள் அப்பா அறுப்பதற்கு முன் கட்டையைக் குளத்தில் ஊறப்போடுவார். மாவுச்சத்து கரைந்துபோகும், வண்டு துளைக்காது. அறுத்த பிறகு அது தாமதம். சட்டத்தில் பட்டையை ஒட்டியிருந்த வெள்ளைப் பகுதியை முடிந்தவரை செதுக்கிவிடுங்கள், வண்டு முதலில் அதில்தான் ஏறும். சுவரில் படும் முதுகுக்குத் தார் பூசாமல் வைக்காதீர்கள்.

காய்ந்ததா என்பதைத் தராசு சொல்லும். சட்டத்தின் நடுவில் ஒரு துண்டு வெட்டி, வெட்டுமுகம் இரண்டுக்கும் பெயிண்ட் அடித்து, அடுக்கிலேயே வைத்து வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது நிற்கும் வரைக்கும் ஆசாரியைக் கூப்பிடாதீர்கள்.

மன்னை வாசி:
முதல் வாரம் 1 கிலோ 240 கிராம், இன்று 1 கிலோ 205. பின்வாசலுக்கு இப்போதைக்குத் தகரக் கதவுதான். அம்மா மில்காரரைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். சமையலறைத் தராசை யார் எடுத்தது என்று என்னைத்தான் திட்டுகிறார்.