பத்மினி காருக்கு பட்டை, ஷாக் மாத்தின அனுபவம் (கிருஷ்ணகிரி)

பழைய கார்ல ஸ்பிரிங், ஷாக் (ஷாக் அப்சார்பர்) வேலை பார்த்தவங்க அனுபவத்த எழுதுங்கன்னு கேட்டிருந்தாங்க, அப்பாவோட 1978 மாடல் பத்மினிக்கு பார்த்தத சொல்றேன்.

வண்டி பின்னாடி நல்லா உக்காந்துடுச்சு, பின்சீட்ல மூணு பேர் ஏறினா ஸ்பீட் பிரேக்கர்ல டமால்னு இடிக்கும். எங்க காட்டினாலும் "ஷாக் போயிடுச்சு சார், மாத்திடலாம்"னு ஒரே பதில். இங்கதான் நிறைய பேர் காச விடறாங்க. வண்டி வெயிட்ட தாங்கறது பின்னாடி பட்டை (வளைஞ்ச இரும்பு பட்டைங்கள அடுக்கி கட்டின ஸ்பிரிங்), முன்னாடி காயில் (சுருள்) ஸ்பிரிங். அது குதிக்கறத அடக்கறது மட்டும்தான் ஷாக்கோட வேலை. புது ஷாக் போட்டா ஆட்டம் நிக்கும், உக்காந்த வண்டி எழும்பாது. சமதளத்துல நிறுத்தி வீல் நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் புடிச்சு ரெண்டு பக்கமும் பாருங்க, எனக்கு டிரைவர் சைடு ஒரு இன்ச் கம்மியா இருந்துச்சு.

சென்னை ரோடு, பெங்களூரு ரோடு, சேலம் ரோடு எல்லாம் சேர்ற ஊர்ங்கறதால நம்ம ஊர்ல லாரி பட்டறைக்கு பஞ்சமே இல்ல. ஆனா லாரிக்கு பார்க்கற கண்ணோட காருக்கு பார்த்தா கஷ்டம். ஒரு இடத்துல தடிமனான பட்டை ஒண்ணு எக்ஸ்ட்ரா சொருகிடலாம்னாங்க, நான் ஒத்துக்கல. அப்படி செஞ்சா வண்டி கட்டை மாதிரி ஆயிடும், ஒவ்வொரு பள்ளமும் பாடி வெல்டிங்லதான் போய் அடிக்கும். இன்னொருத்தர் கேஸ் வெச்சு சூடு பண்ணி வளைச்சுடறேன்னார். ஸ்பிரிங் ஸ்டீல அப்படி சும்மா சூடு பண்ணி விட்டா டெம்பர், அதாவது வளைஞ்சு திரும்பி வர்ற பதம், போயிடும், சீக்கிரமே பழையபடி படுத்துடும்.

கடைசியா ஒரு வயசான மேஸ்திரி கிடைச்சார். பட்டை அடுக்க அவுத்து ஒவ்வொரு பட்டையா மண்ணெண்ணெய்ல கழுவினார், ரெண்டாவது பட்டைல, அடுக்க நடுவுல சேர்த்து புடிக்கற சென்டர் போல்ட் ஓட்டைய ஒட்டி தலைமுடி மாதிரி ஒரு விரிசல், துருவுக்குள்ள மறைஞ்சே இருந்திருக்கு. அத தூக்கி போட்டு அதே தடிமன்ல புது பட்டை வெட்டினார். மீதிய தரைல சாக்பீஸ்ல வளைவு கோடு போட்டு வெச்சுகிட்டு, பட்டறைக்கல்லு மேல சூடு பண்ணாம பச்சையாவே தட்டி தட்டி, ரெண்டு அடி அடிக்கறது, கோட்டு மேல வெச்சு பார்க்கறது, திரும்ப அடிக்கறது. மனுஷனுக்கு அவசரமே இல்ல, பார்த்துகிட்டே இருக்கலாம் போல இருந்துச்சு.

மாட்டும்போது சென்டர் போல்ட் தலை ஆக்சில் சீட் குழில சரியா உக்காரணும், இல்லன்னா ஆக்சில் கோணலா நிக்கும். பட்டைய ஆக்சிலோட சேர்த்து புடிக்கற யூ போல்ட் புதுசு போடுங்க, கொஞ்சம் ஓடினதும் திரும்ப டைட் பண்ணுங்க. பட்டை முனைல வர்ற ரப்பர் புஷ் போல்ட்ட மட்டும் வண்டி டயர் மேல நிக்கும்போதுதான் கடைசி டைட் வெக்கணும். ஜாக்கில தொங்கும்போதே முறுக்கிட்டா, எறக்கினதும் ரப்பர் திருகிகிட்டே நின்னு சீக்கிரம் கிழிஞ்சுடும்.

முன்னாடி காயில் ஸ்பிரிங்க கம்ப்ரஸர் டூல் இல்லாம தயவுசெஞ்சு யாரும் கழட்டாதீங்க. அமுங்கி இருக்கற ஸ்பிரிங் தெறிச்சா கை, முகம் எதுவும் மிஞ்சாது. எந்த பட்டறைக்காரர் "பாத்துக்கலாம்"னு சொன்னாலும் விடாதீங்க.

ஷாக் ரெண்டு பக்கமும் ஜோடியா மாத்தினேன். ஆயில் ஷாக்கா இருந்தா மாட்றதுக்கு முன்னாடி நேரா நிக்க வெச்சு முழுசா இழுத்து அமுக்கி காத்த வெளியேத்திடணும். இப்போ தொப்பூர் கணவாய்ல லோடு லாரிக்கு நடுவுல எறங்கினாலும் வண்டி அசையாம போகுது, அம்மா பின்சீட்ல தூங்கிகிட்டே வர்றாங்க.

தருமபுரியில இருந்து ஒரு பதில்:

அண்ணா, அருமையா சொன்னீங்க. என்கிட்ட இருக்கறது அம்பாசிடர், அதுல முன்னாடி காயில் கிடையாது, டார்ஷன் பார். கம்பி முறுக்கிதான் வெயிட்ட தாங்கும். நம்ம பக்கம் சின்ன பசங்க நிறைய பேருக்கு இது தெரியல, ஸ்பிரிங் எங்கன்னு தேடறாங்க. முன்பக்கம் படுத்தா அந்த கம்பிய மாத்தணும்னு அவசியமில்ல, கம்பி முனைல இருக்கற லீவர வேற பல்லுல மாட்டி ஹைட் ஏத்தலாம். கழட்டினா இடது வலதுன்னு பெயின்ட்ல மார்க் போட்டுடுங்க, ஒரே பக்கமா முறுக்கி பழகின கம்பிய இடம் மாத்தி போட்டா உடையும். அப்புறம் அந்த மேஸ்திரி பட்டறை எந்தப் பக்கம்ணா? என்னோட பின்பட்டையும் அவர்கிட்டயே கொண்டுட்டு வரணும்.